அப்பா வெட்டிய காணி அம்மா பெயருக்கு வந்த கதை

பேமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி, வைத்திருப்பவர்கள் முதல் வேலையாகப் பெட்டியைத் திறந்து பத்திரத்தைப் பாருங்கள். பின்னுரித்தாளர், அதாவது பேமிட்காரருக்குப் பிறகு காணி போய்ச் சேர வேண்டியவர், யார் என்று எழுதியிருக்கிறதா? எழுதினால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும், அதுவும் பேமிட்காரர் உயிரோடு இருக்கும்போதே. எங்கள் அப்பா இரண்டையும் செய்யாமல் போய்விட்டார். அதற்கு நாங்கள் பட்ட பாடுதான் இது.

1974இல் தோட்டங்களில் பட்டினி வந்த காலத்தில், லயத்தை (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டை) நம்பினால் பிழைக்க முடியாது என்று அப்பாவும் அம்மாவும் நுவரெலியாப் பக்கம் ஒரு மானாப்புல் சரிவில் ஏறினார்கள். மம்பட்டி போட்டால் கல்தான் வரும். அந்தக் கல்லையே பொறுக்கி வரிசை வரிசையாக அடுக்கி மண்ணை மறித்தார்கள். முதலில் உருளைக்கிழங்கு போட்டார்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்ததால் நல்ல விலை. பிறகு லீக்ஸ், கரட், கோவா. இரவில் பன்றிக்குக் காவல், தை மாதம் உறைபனியில் கருகிய இலை, மழைக்கு மண்சரிவுப் பயம். பேமிட் கைக்கு வந்தது பல வருடம் கழித்துத்தான்.

போன வருடம் அப்பா காலமானார். மரணச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம் எல்லாம் சிக்கல் இல்லாமல் கிடைத்தன. கலியாணப் பதிவும் இருந்தது. கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்கள், அக்காவைப் பாடசாலையில் சேர்க்கக் கேட்டதால் பிறகு பதிந்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் அம்மா மனைவி என்று நிரூபிப்பதே பெரும் பாடாகியிருக்கும். தோட்டத்தில் பதியாமல் இருக்கும் சோடிகள் இன்றைக்கே போய்ப் பதியுங்கள்.

பிரச்சினை பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில்தான் தொடங்கியது. கோப்பைத் தேடவே ஒரு காலை போனது. கடைசியில் அந்தக் கிளார்க் தலையை நிமிர்த்தாமலே, "ஆறு மாதம் தாண்டிவிட்டது, மனைவிக்கு இனி உரிமை இல்லை" என்றார். அம்மா என் கையைப் பிடித்தபடி நின்றார். அன்றைக்கு ஒருவரும் சோறு சாப்பிடவில்லை.

கிளார்க் சொன்னது பிழை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆறு மாதம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது பத்திரம் மாற்றும் தவணை அல்ல. இறந்தவரின் மனைவியோ கணவரோ அதற்குள் காணியைத் தன் கைவசம் எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா அந்தக் காணியை விட்டு எங்கே போனார்? மறுமுறை நேராகக் காணி உத்தியோகத்தரிடம் போனோம். மின்சாரப் பில், வாக்காளர் இடாப்புப் பிரதி, விதைக்கிழங்கு வாங்கிய ரசீதுகள் என்று ஒரு பை நிறையக் கொட்டினோம். அவர் பார்த்துவிட்டு, "அம்மா அங்கேதானே இருக்கிறார், பிறகென்ன?" என்றார். கிளார்க்கின் முகத்தை நான் வேண்டுமென்றே திரும்பிப் பார்த்தேன்.

அப்புறம் பெயர். பேமிட்டில் சிங்களத்தில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரி, மரணச் சான்றிதழில் தாத்தா பெயரோடு வேறு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. மூன்றும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டியிருந்தது. பிரஜாவுரிமைச் சான்றிதழையும் கேட்டார்கள். 1948இல் எங்கள் மலையக மக்களிடம் பறித்த பிரஜாவுரிமைக்கு அப்பா பிறகு வாங்கிய அந்தக் காகிதம், செல்லரித்த ஓரத்தோடு சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

களப் பரிசோதனைக்கு ஒரு உத்தியோகத்தர் மழை விட்ட நேரத்தில் வந்தார். அம்மா, இரத்தம் குடிக்கும் அட்டைக்காகக் காலுறையில் (மேஸில்) தேய்க்கும் சவுக்காரக் கட்டியை நீட்டி, "மாத்தையா, மேசுக்கு மேல நல்லா தேய்ச்சுக்கங்க, அட்டை ஏறும்" என்றார். அவர் சிரித்தார். பாதி வழியில் மேஸைக் கழற்றிய பிறகு சிரிக்கவில்லை. பேமிட்டில் வடக்கெல்லை "மானாப்புல் தரிசு" என்று இருக்கிறது. இப்போது அங்கே பைனஸ் (ஊசியிலை மர) காடு. எல்லை எது என்று அவர் முழித்தபோது, அம்மா கத்தியால் செடியை ஒதுக்கி ஒரு பாறையைக் காட்டினார். அப்பா உளியால் கொத்திய சிலுவைக்கோடு, பாசி படிந்து கிடந்தது. அதை அளந்து எழுதிக்கொண்டு போனார்.

பத்திரம் அம்மா பெயருக்கு வந்துவிட்டது. ஆனால் இந்தச் சட்டப்படி அப்படி வரும் மனைவி காணியை விற்கவோ பின்னுரித்தாளரை நியமிக்கவோ முடியாது. அப்பா யாரையும் எழுதி வைக்காததால், அம்மாவுக்குப் பிறகு காணி யாருக்கு என்று சட்டத்தில் உள்ள வாரிசு அட்டவணைதான் முடிவு செய்யும். பழைய அட்டவணையில் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை. 2022 திருத்தத்தோடு ஆண் பெண் பேதம் போய்விட்டது. எங்கள் வீட்டில் மூத்தவள் அக்கா. அண்ணனுக்கு இது இன்னும் செமிக்கவில்லை.

போகிறவர்கள் கோப்பு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் எந்த மேசையிலும் கதை நகராது. எந்தக் காகிதத்தின் மூலப் பிரதியையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், கேட்டால் தருகிறார்கள். அடுத்து, கமநல சேவை நிலையத்தில் உரத்துக்கு இருக்கும் பதிவை அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும். அங்கே அப்பாவின் பெயர் நாலாவது மாதிரியாக எழுதியிருக்கிறதாம்.