பல்லுப் பிடுங்கப் போய் நிப்பாட்டிய பிரஷர் குளிசை

அம்மாவின் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க உப்புவெளியிலிருந்து திருகோணமலை டவுனுக்கு மூன்று தரம் ஓட்டோவில் போய் வந்தோம். முதல் இரண்டு தரமும் வீண். இன்னும் மனம் ஆறவில்லை.

முதல் நாள் கிளினிக் கொப்பியை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். என்ன மருந்து பாவிக்கிறா என்று கவுண்டரில் கேட்டபோது "பிரஷர் குளிசை" என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. "அது இரத்தத்தை இளக்கும். ஒரு கிழமை நிப்பாட்டிப்போட்டு, பிளேட்லெட்டும் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்றார் அங்கிருந்தவர். பிளேட்லெட் என்றால் இரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள். டொக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அம்மா பிரஷர் குளிசைகளான லொசார்ட்டன், அம்லோடிபின், கூடவே அஸ்பிரின் 75 மூன்றையும் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் தலையிடி தொடங்கியது. பல்வலியால் என்று நினைத்தோம். இரத்த அணுக்களை எண்ணும் எஃப்பிசி ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 210,000. 150,000க்கு மேல் இருந்தால் சரி என்பது டெங்குக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லோரும் படித்த பாடம்தானே, நிம்மதியாகப் போனோம். அங்கே பிரஷர் 190/112. பல்லைத் தொடவே இல்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்கே கொப்பியோடு கிளினிக் டொக்டரிடம் ஓடினேன். அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். இரத்தத்தை உறையவிடாமல் பிளேட்லெட்டைத் தடுப்பது அஸ்பிரின்தான். ஒரு பிளேட்லெட்டை அது பிடித்தால், அந்தப் பிளேட்லெட் வாழும் ஏழு முதல் பத்து நாள் வரைக்கும் விடாது. அம்லோடிபின், லொசார்ட்டன் போன்றவையும் ஆய்வுகூடச் சோதனையில் பிளேட்லெட் ஒட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக் காட்டுவதுண்டு. பிளேட்லெட் ஒட்டுவதற்குக் கல்சியம் வேண்டும், அம்லோடிபின் கல்சியம் உள்ளே போகும் வழியை அடைப்பது. ஆனால் பல்லுப் பிடுங்கும் இடத்தில் இரத்தம் நிற்காமல் போகும் அளவுக்கு அது வராது. மாறாக, பிரஷர் ஏறினால்தான் காயத்தில் இரத்தம் கூடுதலாகக் கசியும். பிரஷர் கட்டுப்படாதவர்களின் பிளேட்லெட் வழமையை விடத் துடிப்பாகவும் இருக்கும், அதனால் மூளையிலோ இதயத்திலோ இரத்தம் உறைந்து அடைக்கிற ஆபத்தும் உண்டு. ஏழு நாள் அம்மாவை அந்த நிலையில் வைத்திருந்திருக்கிறேன் என்று கேட்டதும் கை நடுங்கியது.

இன்னொன்றும் சொன்னார். எஃப்பிசி எண்ணிக்கையைத்தான் காட்டும், பிளேட்லெட் வேலை செய்கிறதா என்பதைக் காட்டாது. அஸ்பிரின் குடிப்பவருக்கும் 210,000 வரும். ஒரு பல்லுக்கு அஸ்பிரினைக்கூடப் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லையாம்.

குளிசைகளைத் திரும்பத் தொடங்கி, பிரஷர் இறங்கியபின் மூன்றாம் தரம் போனோம். பல் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

போகிறவர்கள் கொப்பியையும் குளிசை அட்டைகளையும் அப்படியே கொண்டுபோங்கள். பாமசியில் பேப்பர் உறையில் போட்டுத் தந்தால் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அட்டினலோல் என்ற பிரஷர் குளிசையைக் குடிப்பவர்கள் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. பல்லுப் பிடுங்கிய பிறகு வலிக்கு ஐபுப்ரூஃபனைக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள். அது பிரஷரையும் ஏற்றும், பிளேட்லெட்டையும் தடுக்கும். அம்மாவுக்குப் பனடோல்தான் தந்தார்கள்.

காயத்தில் வைத்த கோஸ் துணியைக் கடித்தபடி அம்மா ஓட்டோவில் வந்தார். வீட்டு வாசலில் எடுத்துப் பார்த்தோம், இரத்தம் நின்றிருந்தது. அன்றிரவும் அஸ்பிரினைக் குடித்துவிட்டுத்தான் படுத்தார்.