தோல் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் போட வேண்டிய கணக்கு

வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கைத்தொழில் செய்ய நினைப்பவர்களுக்குச் சென்னையில் தோல் வேலை அளவுக்கு வசதியான தொழில் குறைவு. பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலையிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் தோல், பக்கிள், ஜிப், நூல், ஒட்டுவதற்கான சொல்யூஷன் எல்லாவற்றையும் நடந்தே வாங்கிவிடலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பதனிட்ட சரக்கு அங்கே சில்லறையாகவும் கிடைக்கிறது. அடையாறில் 1948 முதல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும், நன்றாகத் தைக்கத் தெரிந்தவர்களே ஒன்றிரண்டு வருஷத்தில் சோர்ந்து மறுபடி வேலை தேடுகிறார்கள். அவர்கள் கையில் குறை இல்லை. தங்களுடைய ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை என்று அவர்கள் கணக்குப் போடவே இல்லை. சம்பளத்தில் இருக்கும்வரை அந்தக் கணக்கைக் கம்பெனி போட்டுக்கொடுக்கிறது. வெளியே வந்ததும் நாம்தான் போட்டாக வேண்டும்.

ஒரு சாதாரண இரண்டு மடிப்பு ஆண்கள் பர்ஸை எடுத்துக்கொள்வோம். வெளித்தோல் 23 × 9.5 சென்டிமீட்டர், உள்தோல் அதைவிடக் கொஞ்சம் சிறியது, கார்டு பாக்கெட் நான்கு. எல்லாம் சேர்ந்து முக்கால் சதுர அடி வரும். ஆனால் தோல் துணியைப் போலச் செவ்வகமாக வராது. தழும்பு, உண்ணிக் கடி, இழுவையான வயிற்றுப் பகுதி எல்லாம் கழித்தால் ஒரு பர்ஸுக்கு 1.1 சதுர அடி வாங்கியாக வேண்டும். சதுர அடி 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தோலுக்கு ஏறக்குறைய 200 ரூபாய். நூல், சொல்யூஷன், ஓரத்தில் பூசும் எட்ஜ் கலர் 30. பெட்டி, அட்டை 40. ஆக மொத்தம் 270 ரூபாய். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டு, '900 ரூபாய்க்கு விற்றால் 630 லாபம்' என்கிறார்கள்.

நேரத்தைப் பாருங்கள். வெட்ட 30 நிமிடம், ஓரத்தை மெலிதாகச் சீவ 25, ஒட்ட 20, ஓட்டை போட்டுக் கையால் தைக்க 90, ஓரம் தேய்த்துக் கலர் பூச 40. கூட்டினால் 205 நிமிடம். மாதம் 40,000 ரூபாய் வீட்டுக்கு வேண்டும் என்று வைப்போம். 25 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் 200 மணி. அதில் பாதிதான் மேஜையில் கழியும். மீதிப் பாதி தோல் வாங்கவும், போட்டோ எடுக்கவும், வாட்ஸ்அப்பில் பதில் சொல்லவும், பார்சல் கட்டவும், கணக்கு எழுதவும் போய்விடும். இந்தப் பாதிக்கு யாரும் தனியாகப் பணம் தருவதில்லை. ஆகவே 40,000 ரூபாயை 100 மணி நேரத்தில் சம்பாதிக்க வேண்டும்: மணிக்கு 400. வாடகை, கரண்ட், டூல்ஸ் தேய்மானம் எல்லாம் மாதம் 12,000 என்றால் மணிக்கு இன்னொரு 120. மேஜையில் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் 520 ரூபாய் கொண்டுவர வேண்டும்.

அப்படிப் பார்த்தால் அந்தப் பர்ஸின் அடக்க விலை கிட்டத்தட்ட 2,050 ரூபாய். 900-க்கு விற்றால், பொருள் செலவும் கடைச் செலவும் போக, நம் உழைப்புக்கு மணிக்கு 64 ரூபாய் நிற்கிறது. 35 சதவீதம் கமிஷன் எடுக்கும் ஒரு கடையில் வைத்தால் விலைச்சீட்டில் 3,150 எழுதினால்தான் 2,050 நம் கைக்கு வரும்.

இந்த எண்ணைப் பார்த்ததும் மலிவான தோலுக்குத் தாவுவது தப்பான வழி. தோலில் 50 ரூபாய் குறைத்து ஒன்றும் ஆகாது. பணம் முழுக்க நேரத்தில் இருக்கிறது. ஒரே மாடலைப் பத்துப் பத்தாகச் செய்தால், தோலை ஒரே அடியில் வடிவமாக வெட்டும் ஸ்டீல் டை (அச்சு) செய்து வைத்துக்கொண்டு வெட்டினால், வெட்டும் நேரம் 30-லிருந்து 6 நிமிடமாகிறது. சீவுவது 20, ஒட்டுவது 15, தைப்பது 75, வரிசையாக அடுக்கிக் கலர் பூசினால் ஓரத்துக்கு 25. மொத்தம் 141 நிமிடம். அடக்கம் 1,500-க்குள் வந்துவிடுகிறது. அதே கணக்கில் ஒரு சின்ன கார்டு ஹோல்டருக்குத் தோல் 0.4 சதுர அடி, வேலை 50 நிமிடம், அடக்கம் 540 ரூபாய். முதல் வருஷத்தைத் தூக்கி நிறுத்துவது பெரும்பாலும் இந்தச் சின்னச் சாமான்தான். பத்து வகைப் பையோடு கடை விரிப்பது அழகாக இருக்கும். ஆனால் எந்த வகையிலும் கை வேகம் பிடிக்காது.

இன்னொரு எண்ணும் இதே கணக்கிலிருந்து கிடைக்கிறது. ஒரு பர்ஸுக்கு 141 நிமிடம் என்றால் 100 மணி நேரத்தில் 42 பர்ஸ். அதாவது மாதம் 42 பர்ஸ் விற்றாக வேண்டும். வேலையில் இருக்கும்போதே சனி, ஞாயிறுகளில் செய்து, நண்பர்களும் சொந்தக்காரர்களும் அல்லாத ஆட்களிடம் எத்தனை விற்கிறது என்று பார்த்தால் 42 எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று புரியும். வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்று இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

தோல் வாங்குவது தனிக் கலை. ஒவ்வொரு தோலின் பின்பக்கத்திலும் சதுர அடி எழுதியிருக்கும். 5-க்குப் பக்கத்தில் மேலே சின்னதாக 3 இருந்தால் ஐந்தே முக்கால் என்று அர்த்தம். முதுகுப் பகுதி இறுக்கம். வயிறும் கால் இடுக்கும் இழுவை. கழுத்தில் சுருக்கக் கோடு ஓடும். வழவழப்பான பக்கத்தை உள்நோக்கி மடக்கிப் பார்க்க வேண்டும். மெல்லிய நெருக்கமான வரி விழுந்தால் நல்ல தோல். தடித்த சுருக்கமாகக் குமிழ்ந்தால் மேல்பரப்பு தளர்ந்த தோல். ஆறு மாதத்தில் மடிப்பில் உப்பி நிற்கும். வெள்ளைத் துணியை லேசாக நனைத்துத் தேய்த்துப் பார்ப்பது அவசியம். சாயம் ஒட்டினால், சென்னை வியர்வையில் அது வாங்கியவரின் சட்டைக்குப் போகும்.

குரோம் உப்பில் பதனிட்ட தோலா, பட்டை பதனிட்ட தோலா என்று கேட்காமல் வாங்கக் கூடாது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் முறைக்குத் திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கம் நீண்ட பழக்கம் உண்டு. அந்தத் தோலின் ஓரத்தை ஈரம் காட்டி மரக்கட்டையால் தேய்த்தால் கண்ணாடிபோலப் பளபளக்கும். முத்திரை அடித்தால் ஆழமாகப் பதியும். குரோம் தோல் மென்மையானது, மழையைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் பஞ்சாகத்தான் நிற்கும். அதற்கு எட்ஜ் கலர்தான் வழி. வீடியோவைப் பார்த்துக் குரோம் தோலை மணிக்கணக்கில் தேய்ப்பவர்களின் கை வலிக்கு இதுதான் காரணம்.

வெளித்தோல் 1.2 மில்லிமீட்டர், பாக்கெட் 0.8 இருந்தால் பர்ஸ் கைக்கு அடக்கமாக வரும். நான்கு பாக்கெட்டையும் முழுத் தோலாக அடுக்கினால் ஓரம் செங்கல்போல் ஆகிவிடும். அடியில் வருகிற பாக்கெட்டுகளை 'டி' வடிவத்தில் வெட்டினால் மேல்விளிம்பு மட்டும் ஓரம்வரை போகும், கீழே தடிமன் சேராது. கார்டின் நீளம் 85.6 மில்லிமீட்டர், தையலுக்குத் தையல் 90-க்குக் குறையக் கூடாது. புதிதில் இறுக்கமாக இருந்தால் தோல் விட்டுக்கொடுக்கும் என்பது ஓரளவுதான் உண்மை. மூன்றாவது கார்டு சிக்கினாலே வாங்கியவர் திருப்பி அனுப்பிவிடுவார்.

தையலுக்கு 0.6 மில்லிமீட்டர் மெழுகு நூல், 4 மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டை போடும் பஞ்ச். ஒரே நூலின் இரு நுனியிலும் ஊசி கோத்துத் தைக்கும் இரண்டு ஊசித் தையலுக்குத் தையல் கோட்டின் நீளத்தைப்போல் நாலு மடங்கு நூலும், பிடிமானத்துக்கு ஒரு சாணும் வெட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் நூல் தீர்ந்து முடிச்சுப் போட்டால் அந்த இடம் கண்ணை உறுத்தும். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரே கை ஊசிதான் முதலில் போக வேண்டும், அடுத்த ஊசி எப்போதும் முதல் நூலின் ஒரே பக்கமாகப் போக வேண்டும். இந்த வரிசை ஒரு இடத்தில் மாறினாலும் சாய்வு கெட்டு, தையல் பல்வரிசை மாறியதுபோல் தெரியும். கடைசியில் இரண்டு தையல் பின்னால் வந்து, பாலியெஸ்டர் நூலானால் நுனியை லைட்டரில் உருக்கி அழுத்தினால் போதும்.

ஒட்டு விடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்: வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் கீறாமல் சொல்யூஷன் போடுவது. இரண்டு பக்கமும் பூசி, விரல் வைத்தால் ஒட்டாத அளவு காய்ந்தபிறகு சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் உள்ளே ஆவி தங்கி ஒரு வாரத்தில் பிரியும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையின் முகமே மாறிவிடுகிறது. எட்ஜ் கலர் ஒரு பூச்சு காய எடுக்கும் நேரம் இரட்டிப்பாகும். அவசரத்தில் அடுத்த பூச்சைப் போட்டால் இரண்டும் சேர்ந்து ரப்பர் நாடாபோல் உரிந்து வரும். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால்தான் பிடிக்கும். பட்டை பதனிட்ட தோலில் வெள்ளைப் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைப்பதுதான் அதற்குப் பெரிய அழைப்பு; பருத்தித் துணியில் சுற்றி, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, காற்றோட்டமாக வைக்க வேண்டும். தீபாவளி ஆர்டரின் உற்பத்தி இதே மழை நாட்களில்தான் முடிய வேண்டியிருக்கிறது. அதனால் கலர் பூசும் வேலையைப் புரட்டாசிக்குள் முடிக்கும்படி தேதி கொடுப்பவர்களே நிம்மதியாக இருக்கிறார்கள்.

இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடுக்குமாடியில் பஞ்ச் அடித்தால் அந்தச் சத்தம் கீழ்வீட்டுக்காரருக்கு நேராகத் தலையில் விழும். வைத்து அடிக்கும் கிரானைட் பலகைக்கு அடியில் தடித்த ரப்பர் விரிக்கலாம், அல்லது அடிக்காமல் அழுத்தியே ஓட்டை போடும் கை பிரஸ் வாங்கலாம். சொல்யூஷன் வாடையோடு மூடிய அறையில் ஏசி போட்டு உட்காராதீர்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

விலை கட்டுப்படியாகிறது என்று தெரிந்தபின் ராஜினாமா தேதியை நிதானமாகக் குறிக்கலாம். நிரந்தர வேலையில் 5 வருஷம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு: கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வருஷங்களால் பெருக்க வேண்டும். நாலரை வருஷத்தில் நிற்பவர் கொஞ்சம் பொறுப்பது நல்லது. தொடர்ச்சியாக 5 வருஷம் ஆகாமல் பிஎஃப் பணத்தை எடுத்தால் வரி விழும். அந்தப் பணத்தைத் தொழிலின் முதலீடாகப் பார்ப்பதே சரியில்லை என்பது என் எண்ணம். கம்பெனி மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கடைசி நாளோடு முடிகிறது. புது பாலிசியில் ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 வருஷம் வரை காத்திருக்க நேரலாம். ஆகவே நோட்டீஸ் காலம் ஓடும்போதே, குழுக் காப்பீட்டிலிருந்து தனி பாலிசிக்கு மாற வழியுண்டா என்று எச்ஆரிடம் எழுதிக் கேளுங்கள். வீட்டுக் கடன் யோசனை இருந்தால் அதற்கும் சம்பளச் சீட்டு இருக்கும்போதே முயல வேண்டும். தனித் தொழில் என்றால் வங்கி சில வருஷ வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

ஆறு மாத வீட்டுச் செலவு ஒரு கணக்கிலும், தோல் வாங்கும் பணம் இன்னொரு கணக்கிலும் இருக்கட்டும். இரண்டும் ஒன்றாகக் கிடந்தால் நல்ல விற்பனை நடந்த மாதத்தில் வீடு செழிக்கும், அடுத்த மாதம் பெரியமேடு போகப் பணம் இருக்காது.

குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை இணையத்தில் கட்டணமே இல்லாமல், ஆதாரும் பானும் வைத்து நாமே செய்துகொள்ளலாம். இதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசாங்கத் தளங்கள் அல்ல. அந்தப் பதிவின் அருமை கம்பெனி பரிசு ஆர்டர்களில் தெரியும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் பொருள் வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள். தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. பில்லின் மேலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் அக்கவுன்ட்ஸ் பிரிவின் கண்ணில் படும்.

கண்காட்சி ஸ்டாலில், வாடகையை ஒரு சாமானில் மிஞ்சும் பணத்தால் வகுத்து, எத்தனை விற்றால் வாடகை தேறும் என்று பார்த்துவிட்டு இடம் பிடியுங்கள். கடையில் கமிஷனுக்கு வைத்தால், எத்தனை சாமான், என்ன விலை, எந்தத் தேதியில் கணக்கு, கீறல் விழுந்தால் யார் பொறுப்பு என்று நான்கு வரி எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

கம்பெனி ஆர்டரில் 100 கார்டு ஹோல்டர் என்றால் 40 சதுர அடி தோல். ஒரே லாட்டில் மொத்தமாக, பத்து சதவீதம் கூடுதலாக வாங்கிவிட வேண்டும். இரண்டாவது தடவை போனால் அதே 'டான்' (இளம்பழுப்பு) நிறம் கிடைக்காது. மாதிரி ஒன்றைச் செய்து, நிறம், நூல், லோகோவின் இடம் மூன்றுக்கும் ஒப்புதல் எழுத்தில் வாங்கி, பாதிப் பணம் வங்கியில் விழுந்தபிறகுதான் டையை வைக்க வேண்டும். அடுத்தவர் லோகோ பதித்த நூறு ஹோல்டரை வேறு யாருக்கும் விற்க முடியாது.