கோப்பு படித்தவர் கம்பெனிக்குப் போனால்

ஸ்டெல்லா ரிமிங்டன் 2025 ஆகஸ்டில் காலமானபோது எல்லாச் செய்தியிலும் ஒரே வரிதான்: பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்ஐ5-க்குத் தலைமை ஏற்ற முதல் பெண். ஆனால் சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகப் பதிவறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அவர் ஆவணக் காப்பாளராகத் தொடங்கியவர் என்பதே பெரிய விஷயம்.

வூஸ்டரில் பதிவகம், பிறகு லண்டனில் இந்தியா ஆபீஸ் நூலகம். 1965-இல் கணவரோடு டெல்லிக்கு வந்தார். 1967-இல் அங்கிருந்த எம்ஐ5 அதிகாரிக்கு அலுவலக உதவிக்கு ஆள் தேவைப்பட, பகுதி நேரமாகச் சேர்ந்தார். 1969-இல் லண்டன் திரும்பி முழுநேர வேலை. அப்போது அங்கே பெண்களுக்கு உதவியாளர் வேலைதான், உளவாளிகளைக் கையாள்வதெல்லாம் ஆண்கள். எழுபதுகளில் பெண்கள் சேர்ந்து மேலிடத்தில் முறையிட்ட பிறகே அந்தக் கதவு திறந்தது. 1992-இல் தலைமை இயக்குநர். அந்தப் பதவிக்கு வருபவரின் பெயரை அரசு வெளிப்படையாக அறிவித்ததும் அப்போதுதான் முதல்முறை. பத்திரிகைகள் வீட்டைக் கண்டுபிடித்துவிட, வீடு மாற வேண்டி வந்தது.

1996-இல் ஓய்வு. அடுத்த ஆண்டே மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கும் என் அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். "உளவுத்துறைத் தலைவருக்குத் துணிக்கடையில என்ன சித்தி வேலை?" என்றாள்.

நல்ல கேள்வி. அது அன்றாட நிர்வாகம் பார்க்கிற பதவி அல்ல. கூட்டத்துக்கு முன் வருகிற காகிதக் கட்டைப் படித்து, நிர்வாகம் எழுதாமல் விட்டதைக் கேட்கிற பதவி. ந.க. எண் (அலுவலகக் கோப்பு எண்) வரிசையில் ஒரு தாள் இல்லையென்றால், இருக்கிற தாள்களைவிட அதுதான் முக்கியம். பதிவறையில் இருந்தவர்களுக்கு இது தெரியும்.

எங்கள் வேலூர்க் கோட்டையிலேயே இதற்குப் பாடம் உண்டு. 1806 ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய், கிளர்ச்சி வரப்போகிறது என்று ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய்ச் சொன்னார். அதை விசாரிக்கும் வேலை அதே படையின் இந்திய அதிகாரிகளிடமே போனது. அவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள், பிடித்து அடைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் துப்பாக்கி வெடித்தது. தகவல் வந்து சேர்ந்துதான் இருந்தது. அவரைப் பைத்தியம் என்று சொன்னவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே இப்படி ஒருவரை எடுக்கும் நிறுவனம் கேள்வி கேட்கத்தான் எடுக்க வேண்டும், ஆள் பழக்கத்துக்காக அல்ல. நம் நாட்டில் மத்திய அரசின் உயர் அதிகாரிகள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக முன் அனுமதி வேண்டும். அந்த விதி இன்னும் இறுக வேண்டும் என்பேன்.

அக்கா மகளிடம் இன்னொன்றும் சொன்னேன். ரிமிங்டன் ஓய்வு பெற்ற அதே 1996-இல்தான் பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சுத்திகரிப்பு நிலையப் பதிவேட்டை மேசையில் விரித்து, எந்த நாளின் பக்கம் காணோம் என்று கேட்கிற ஒரு பெண் இங்கே ஒவ்வொரு கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் உட்கார வேண்டும்.

"யார் சித்தி கூப்பிடுவாங்க?" என்றாள். நீயே விண்ணப்பம் போடு என்றேன்.