கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு: வரி, துப்பாக்கி, அலைச்சல்

கலிஃபோர்னியாவைக் காலி செய்துகொண்டு டெக்சாஸுக்கே வந்துவிட்டோம். காரணம் இரண்டுதான்: வருமான வரி, துப்பாக்கிச் சட்டம். வீடு தேடியது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது எல்லாம் பிரச்சினை இல்லாமல் முடிந்தது. எங்களை அலையவிட்ட விஷயங்களை மட்டும் எழுதுகிறேன். அடுத்து கிளம்புகிறவர்களாவது கொஞ்சம் நிம்மதியாக வந்து சேரட்டும்.

துப்பாக்கி என்றதும் ஆர்வமாகிறவர்களுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. எச்1பி, எல்1, எஃப்1 மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் ஃபெடரல் சட்டப்படி பொதுவாகக் குற்றம். நண்பர் சுடும் பயிற்சி ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பாருங்க" என்று கையில் கொடுப்பதும் அதில் வரும். வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு என்று சிலர் சொல்வார்கள். விலக்கு உண்மைதான், ஆனால் வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள். டெக்சாஸ் எவ்வளவு தளர்வான மாநிலமாக இருந்தாலும் இந்த விதி மாறாது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நான் எந்தத் துப்பாக்கியையும் தொட்டதில்லை.

எங்கள் பழைய தெருவில் அடுத்தடுத்து வீடுகளின் கதவை உடைத்துத் திருடினார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கிப் பேச்சே வீட்டில் ஆரம்பித்தது. கலிஃபோர்னியாவில் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தடையில்லை. ஆனால் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தேர்வு எழுத வேண்டும், வாங்கியதைக் கையில் வாங்க 10 நாள் காத்திருக்க வேண்டும், கைத்துப்பாக்கி என்றால் கடையில் புதிதாக வாங்குவது மாநிலப் பட்டியலில் உள்ள மாடலாக இருக்க வேண்டும், மேகஸினில் (தோட்டா அடுக்கும் பெட்டி) 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. 2024 ஜூலையிலிருந்து கடைக்காரர் மீது 11 சதவீத வரி வேறு. அது கடைசியில் நம் பில்லில்தான் வந்து விழும். இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போக ஷெரிஃப் (உள்ளூர்க் காவல் தலைவர்) அலுவலகத்தின் அனுமதி தேவை. நான் போட்ட விண்ணப்பம் வருடம் தாண்டியும் கிடப்பில் கிடந்தது. போன் செய்தால் "பரிசீலனையில் இருக்கிறது" என்ற ஒரே பதில்தான்.

சரி, கிளம்பியாயிற்று. சாமான் ஏற்ற வந்த கம்பெனி, துப்பாக்கியும் தோட்டாவும் லாரியில் ஏறாது என்று முன்பே சொல்லிவிட்டது. பெரும்பாலான மூவர்ஸ் அப்படித்தான், கடைசி நாள் வரை காத்திருக்காமல் கேட்டுவிடுங்கள். நாங்கள் காரிலேயே கொண்டு வந்தோம். தோட்டாவை முழுக்கக் கழற்றி, பூட்டிய கடினப் பெட்டியில், டிரங்க்குக்குள். தோட்டாக்கள் தனிப் பெட்டியில். போகிற வழியில் உள்ள மாநிலத்தின் சட்டம் எப்படி இருந்தாலும், கிளம்பும் இடத்திலும் சேரும் இடத்திலும் சட்டப்படி வைத்திருக்கலாம் என்றால் இப்படிப் பூட்டிக் கொண்டுபோக 1986ஆம் ஆண்டு ஃபெடரல் சட்டம் பாதுகாப்பு தருகிறது. எஸ்யூவி மாதிரி டிரங்க் தனியாக இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். டாஷ்போர்டு பெட்டியில் வைத்துப் பூட்டுவது செல்லாது.

ஐ-10 நெடுஞ்சாலையில் எல் பாசோ தாண்டிக் கிழக்கே வரும்போது சியரா பிளாங்கா என்ற இடத்தில் பார்டர் பேட்ரோல் (எல்லைக் காவல்) சோதனைச் சாவடி இருக்கிறது. மெக்சிகோவுக்கே போகாதவர்களும் அங்கே நிற்க வேண்டும். குடிமக்களா என்று கேட்டார்கள். கிரீன் கார்டை நீட்டினோம், அனுப்பிவிட்டார்கள். கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். லாரியில் போகும் ஃபைலில் அதை வைத்துவிடாதீர்கள்.

வந்து இறங்கிய பிறகுதான் உண்மையான அலைச்சல். டெக்சாஸில் எல்லாமே டிரைவிங் லைசன்ஸில் வந்து நிற்கிறது. கைத்துப்பாக்கியை நீங்கள் வசிக்கும் மாநிலத்துக் கடையில்தான் வாங்க முடியும், அதற்கு டெக்சாஸ் முகவரி போட்ட அட்டை வேண்டும். வீட்டு வரிச் சலுகைக்கும் அதே அட்டை, அதில் அந்த வீட்டின் முகவரியே இருக்க வேண்டும். லைசன்ஸ் வேண்டுமென்றால் உங்கள் வண்டி டெக்சாஸில் பதிவாகியிருக்க வேண்டும். வண்டியைப் பதிவு செய்ய டெக்சாஸ் இன்ஷூரன்ஸ் வேண்டும். வண்டிக்கு 30 நாள், லைசன்ஸுக்கு 90 நாள் கெடு. 2025 தொடக்கத்திலிருந்து சாதாரண வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. ஆனால் டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் சுற்றுவட்டாரக் கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) புகைச் சோதனை இன்னும் இருக்கிறது.

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் "டெக்சாஸுக்கு மாற்றிவிட்டேன்" என்று சொல்லி அனுப்பிய தாளில் பாலிசி மாறியிருந்தது, முகவரி பழைய கலிஃபோர்னியா முகவரியாகவே இருந்தது. வண்டிப் பதிவு நடக்கும் கவுண்டி வரி அலுவலகத்தில் வரிசையில் நின்று ஜன்னலுக்குப் போனால், அந்த அம்மா தாளைத் தள்ளிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். ஏஜென்டைப் பிடித்துத் தாளை மாற்றி வாங்குவதற்குள் லைசன்ஸ் அப்பாயின்ட்மென்ட் தேதி போய்விட்டது. அடுத்த தேதி வாரக்கணக்கில் தள்ளி. இங்கே ஒரு வழி உண்டு: எந்த ஊர் லைசன்ஸ் அலுவலகத்துக்கும் போகலாம். நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் சின்ன ஊர்களில் தேதி சீக்கிரம் கிடைக்கும். காலையில் அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு இணையதளத்தைப் பார்த்தால் அன்றைக்கே சில இடங்கள் விழும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

என் வேலை முடிந்தது, மனைவிக்கு மாட்டிக்கொண்டது. வீட்டுக் கடன், கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் என் பெயரில். வசிப்பிடச் சான்று இரண்டு வேண்டும், அவர் பெயரில் ஒன்றுகூட இல்லை. கணவனின் பில்லைக் காட்டலாமா என்று கேட்டதற்கு ஜன்னலில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே "முடியாது சார்" என்றார். முடியும். அதற்கென்றே ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது; கணவன் உடன் வந்து, தன் சான்றுகளைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால் போதும். பக்கத்து ஜன்னல்காரர்தான் அந்தப் படிவத்தை எடுத்து நீட்டினார். ஆனால் கணவன் மனைவி என்பதற்கு ஆதாரம் கேட்டார். நம் ஊர் வழக்கப்படி மனைவியின் பெயரோடு இருப்பது அவர் அப்பாவின் பெயர். என் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. திருமணச் சான்றிதழ் வேண்டும். அது லாரியில் இருந்தது, லாரி சொன்ன தேதியைத் தாண்டியும் வரவில்லை.

லாரி வந்த அன்றைக்கு இன்னொரு கூத்து. எடை கூடிவிட்டது, மதிப்பீட்டைவிட ஏறக்குறைய பாதி அதிகம் கொடுத்தால்தான் கதவைத் திறப்போம் என்று டிரைவர் நின்றார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் சாமானுக்கு, கட்டுப்படுத்தாத மதிப்பீடு (நான்-பைண்டிங், அதாவது உத்தேசக் கணக்கு) என்று எழுதியிருந்தால், இறக்கும்போது மதிப்பீட்டில் 110 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, மீதியைப் பிறகு பில் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்பது ஃபெடரல் விதி. ஒப்பந்தத்தோடு அவர்களே கொடுத்த கையேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து டிரைவரிடம் காட்டினேன். அவர் போனில் யாரிடமோ பேசினார், திரும்பி வந்து பூட்டைக் கழற்றினார். அந்தக் கையேட்டைத் தூக்கிப் போடாதீர்கள். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் கைப்பையில் வரட்டும்.

லைசன்ஸ் அலுவலகத்தில் முதலில் தருவது தற்காலிகத் தாள். துப்பாக்கிக் கடைக்காரர் அதைத் தொடவில்லை, அட்டை தபாலில் வரட்டும் என்றார். அட்டை வந்ததும் போய், துப்பாக்கி வாங்குகிறவர்கள் நிரப்ப வேண்டிய 4473 என்ற ஃபெடரல் படிவத்தை நிரப்பினேன். கிரீன் கார்டுக்காரர்கள் அட்டையில் உள்ள ஏலியன் எண்ணை எழுத வேண்டும். பின்னணிச் சோதனையில் பக்கத்தில் நின்றவருக்கு உடனே "ப்ரொசீட்" (கொடுக்கலாம்) வந்தது, எனக்கு "டிலே" (தாமதம்). மனசு கொஞ்சம் கனத்தது. ஆனால் அது மறுப்பு அல்ல. மூன்று வேலை நாள் தாண்டியும் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சில கடைகள் பதில் வரும்வரை கொடுப்பதில்லை, அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அந்தக் கெடுவுக்குள்ளேயே போன் வந்துவிட்டது. அன்று மாலையே போய் வாங்கி வந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஷெரிஃப் பதிலுக்காகக் காத்திருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை.

2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தகுதியுள்ள, 21 வயது முடிந்தவர்கள் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் எல்டிசி என்ற, துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான மாநில லைசன்ஸை எடுத்துவிடுங்கள். கட்டணம் 40 டாலர். 4 முதல் 6 மணி நேர வகுப்பு, 3, 7, 15 கஜ தூரத்தில் மொத்தம் 50 ரவுண்டு. காரணம், பள்ளிக்கூடத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கியோடு போவது ஃபெடரல் சட்டப்படி குற்றம். மாநில லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. புறநகரில் காரை எடுத்தால் ஏதாவது ஒரு பள்ளியைக் கடக்காமல் கடைக்குக்கூடப் போக முடியாது. அப்புறம் வாசல் பலகைகள். 30.06 (சட்டப் பிரிவு எண்) என்றால் மறைத்து எடுத்துவரக் கூடாது, 30.07 என்றால் வெளியே தெரிய எடுத்துவரக் கூடாது. ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஓர் அங்குல எழுத்தில் எழுதியிருக்கும். கோயில் வாசலிலும் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

இனி வரி. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியாவில் எங்கள் சம்பளத்தின் மேல்பகுதி 9.3 சதவீதப் படியில் இருந்தது. ஆனால் வீட்டு வரி இங்கே கடிக்கும். புதுப் புறநகர்களில் எம்யுடி (தண்ணீர், கழிவுநீர் வசதிக்கான வட்டாரம்) வரியும் சேர்ந்து இரண்டு சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். புது வீடு வாங்குகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: முதல் வருடம் பெரும்பாலும் வெறும் மனைக்கு மட்டும் வரி வரும். அதை நம்பி பட்ஜெட் போட்டால் அடுத்த வருடம் எஸ்க்ரோ (வீட்டுக் கடன் தவணையோடு வரிக்காகப் பிடிக்கும் தொகை) எகிறும். முன்பு சொன்ன வீட்டு வரிச் சலுகைக்கான ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தைக் கவுண்டி மதிப்பீட்டு அலுவலகத்தில் இலவசமாகப் போடலாம். அரசுக் கடிதம் மாதிரியே அச்சடித்து, பணம் கட்டுங்கள் என்று தனியார் கம்பெனிகள் தபால் அனுப்பும், குப்பையில் போடுங்கள்.

கலிஃபோர்னியாவோ அவ்வளவு சீக்கிரம் விடுவதாக இல்லை. ஆர்எஸ்யு (கம்பெனி ஊழியர்களுக்குத் தரும் பங்குகள்) வைத்திருப்பவர்கள் கேளுங்கள்: கிராண்ட் தேதியிலிருந்து (பங்கு ஒதுக்கிய நாள்) வெஸ்ட் ஆகும் தேதி (அது நம் கைக்கு வரும் நாள்) வரை உள்ள வேலை நாட்களில் முக்கால்வாசி கலிஃபோர்னியாவில் கழிந்திருந்தால், நீங்கள் டெக்சாஸில் இருக்கும்போது வெஸ்ட் ஆனாலும் அந்த வருமானத்தில் முக்கால்வாசிக்கு அங்கே வரி. சம்பளம் அப்படியில்லை. டெக்சாஸில் உட்கார்ந்து பார்த்த வேலைக்கு அங்கே வரி கிடையாது. இதை எங்கள் கம்பெனி பே-ரோல் பிரிவுக்குப் புரியவைக்க மெயில் மேல் மெயில் போட வேண்டியிருந்தது. முகவரி மாற்றியதை ஏற்றுக்கொண்டார்கள், "வேலை செய்யும் மாநிலம்" என்ற இன்னொரு கட்டத்தை யாரும் மாற்றவில்லை. மாதக்கணக்கில் பிடித்தம் ஓடியது. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். எந்த நாள் எங்கே இருந்தோம் என்பதற்கு விமான டிக்கெட், ஹோட்டல் ரசீது, வீட்டுப் பத்திரத் தேதி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தவறாகப் பிடித்ததைத் திரும்ப வாங்க 540என்ஆர் என்ற கலிஃபோர்னியா வரிப் படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். நான் தாக்கல் செய்துவிட்டேன், பணம் இன்னும் வரவில்லை.