வரிக் கோப்பு திறந்தால் உதவித் தொகை நின்றுவிடுமா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் என்னிடம் பேச வருபவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், வருமான வரி ஃபைல் திறந்தா எஸ்.டி.ஆர். காசை வெட்டிடுவாங்களாமே, உண்மையா?" பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, பட்டதாரிப் பிள்ளைகள் சிலரின் துணையோடு வரிப் பாரம் (படிவம்) நிரப்பிக் கொடுத்து வருகிறேன். அங்கே வாயால் சொல்லி வரும் பதிலை இங்கே எழுத்தில் வைத்துவிட்டால் ஊர்க்காரர்கள் வாட்சப்பில் அனுப்பிக்கொள்ள வசதியாக இருக்கும்.

நின்றுவிடாது. எஸ்.டி.ஆர். எனப்படும், குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் ரஹ்மா ரொக்க உதவியைக் கொடுப்பதா இல்லையா என்பது குடும்ப வருமானத்தையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பார்த்து முடிவாகிறதே தவிர, ஒருவருக்கு வரிக் கோப்பு, அதாவது வரி செலுத்துபவராகப் பதிவு, இருக்கிறதா என்பதைப் பார்த்து அன்று. அச்சம் எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது: உதவித் தொகை விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதும் வரி வசூலிப்பதும் ஒரே வருமான வரி வாரியம்தான். ஆனால் நாம் கோப்பு திறக்காமல் இருப்பதால் எதுவும் மறைந்துவிடுவதில்லை. தோட்டமோ தொழிற்சாலையோ, முதலாளி ஆண்டுதோறும் தன் தொழிலாளர்களின் சம்பள விவரத்தை வாரியத்திற்கு அனுப்பியாக வேண்டும். நம் வருமானம் அவர்களுக்கு முன்பே தெரியும். நமக்குத் திரும்ப வர வேண்டிய பணம் எவ்வளவு என்பதுதான் நமக்குத் தெரியாமல் கிடக்கிறது.

இந்தத் திரும்ப வரும் பணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். செம்பனைத் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த குடும்பங்களில் இன்று பெரும்பாலும் ஒருவராவது ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார். ஓவர்டைம் அதிகமாகச் செய்த மாதத்திலும் போனஸ் கிடைத்த மாதத்திலும் சம்பளச் சீட்டில் பி.சி.பி. என்று ஒரு தொகை கழிந்திருக்கும். அது வருமான வரிக்காக முதலாளி முன்கூட்டியே பிடித்து வாரியத்தில் கட்டும் பணம். ஆண்டு முடிந்து கணக்குப் பார்க்கையில் வரி அவ்வளவு இல்லை என்றால் மிச்சம் நமக்கே திரும்பும். ஆனால் பாரத்தை நாம் அனுப்பினால்தான் திரும்பும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஓவர்டைம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 43,200 வெள்ளி (ரிங்கிட்) வாங்கும் ஒருவர். மனைவி வேலைக்குப் போகவில்லை. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மூவர். அவருக்கான சொந்தக் கழிவு 9,000, இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிச் சந்தாவிற்கு அதிகபட்சமாக 4,000, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவிற்கு 350, மனைவிக்கு 4,000, பிள்ளைக்கு 2,000 வீதம் 6,000. இவற்றைக் கழித்தால் வரிக்கு உட்படும் வருமானம் 19,850 வெள்ளி. முதல் 5,000 வெள்ளிக்கு வரி இல்லை, மீதிக்கு ஒரு விழுக்காடு. ஆக வரி 148 வெள்ளி 50 சென். வரிக்கு உட்படும் வருமானம் 35,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு 400 வெள்ளி தள்ளுபடி உண்டு என்பதால் அந்த 148 வெள்ளியும் போய், அவர் கட்ட வேண்டியது சுழியமாகிறது. அந்த ஆண்டில் அவரிடம் பிடித்த பி.சி.பி. முழுவதும் அவருடையதே. நிறுவனத்தின் பதிவேட்டில் இன்னும் திருமணமாகாதவர் என்றே இருப்பவர்களுக்கு இந்தப் பிடித்தம் கூடுதலாகவே இருக்கும். சம்பளக் கிராணியிடம் சொல்லித் திருத்திக்கொள்வது நல்லது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இ.பி.எஃப். கழித்த பிறகு ஆண்டு வருமானம் 34,000 வெள்ளிக்கு மேல் இருந்தால் கோப்பு திறப்பது கட்டாயம். வரி சுழியம் என்பதற்காக விட்டுவிட முடியாது. பாரம் அனுப்பாமல் இருப்பது சட்டப்படி குற்றம், அதற்கு அபராதம் 200 வெள்ளியிலிருந்து 20,000 வெள்ளி வரை போகலாம்.

இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. இணையவழிப் பாரம் மார்ச் முதல் தேதி திறக்கிறது; சம்பளக்காரர்களுக்கான பி.இ. பாரத்தின் கடைசி நாள் ஏப்ரல் 30, இணையத்தில் அனுப்புவோருக்கு வழக்கமாக மே 15 வரை சலுகை உண்டு. முதல் முறை நுழைவதற்கான பின் (PIN) எண்ணை, மைகார்டு அடையாள அட்டையோடு ஈப்போவில் உள்ள வாரியக் கிளைக்குப் போனால் இலவசமாகவே தருவார்கள், பாரம் நிரப்பவும் முகப்பில் உதவுவார்கள். போக வர அறுபது கிலோமீட்டர் பயணம், ஒரு நாள் சம்பளம் என்று பார்க்கும்போது அந்த இலவசமும் ஏழைக்கு இலவசமாக இல்லை என்பது என் வருத்தம். அந்த இடைவெளியில்தான் பட்டணத்துக் கடைகள் சில ஐம்பது வெள்ளி, எண்பது வெள்ளி என்று வாங்கிக்கொண்டு பாரம் நிரப்புகின்றன. கட்டணம் கேட்பதைவிட, வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைத் தாங்களே வைத்துக்கொள்வதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

மண்டபத்தில் எங்கள் வேலையைத் தாமதப்படுத்துவது வரிக் கணக்கு அன்று, கைப்பேசி எண். சென்ற முறை ஓர் அம்மா பிஸ்கட் டின்னில் எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்தார்: பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், கணவரின் ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி முதலாளி தரும் இ.ஏ. பாரம், குங்குமம் ஒட்டிய வங்கிப் புத்தகம், எதிலும் குறையில்லை. ஆனால் சரிபார்ப்புக்காகக் குறுஞ்செய்தியில் வரும் டேக் (TAC) எண், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட மகனின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. வங்கிக் கணக்கும் நீண்ட நாள் புழங்காமல் முடங்கியிருந்தது. எஸ்.டி.ஆர். வரவில்லை என்று புலம்பும் பல வீடுகளில் குறை விண்ணப்பத்தில் இருப்பதில்லை, இப்படி முடங்கிப்போன கணக்கில்தான் இருக்கிறது. வங்கிக் கணக்கே இல்லாதவர்கள் பேங்க் சிம்பானான் நேஷனலில் ரொக்கமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

2012இல் பிரிம் என்ற பெயரில் 500 வெள்ளியாகத் தொடங்கிய உதவி, பெயர் பல மாறி, 2023 முதல் எஸ்.டி.ஆர். ஆகியிருக்கிறது. குடும்பங்களுக்கு இரண்டு படிகள்: மாத வருமானம் 2,500 வெள்ளி வரை ஒன்று, 2,501 முதல் 5,000 வரை மற்றொன்று. கணவனும் மனைவியும் குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வீதம் வாங்கினாலே 3,400 ஆகி மேல்படிக்குப் போய்விடுகிறார்கள். இருவரும் உழைக்கும் வீட்டுக்குத் தொகை குறைவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அத்தியாவசியப் பொருள்கள் வாங்க அரசு தரும் சாரா உதவி வேறு வகை. அது கையில் காசாக வராது. மைகார்டில் ஏறும், பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை, மருந்து, பள்ளிப் பொருள்கள் போன்றவற்றை அட்டையைக் காட்டி வாங்கலாம். வறுமையில் வாடும் குடும்பங்களுக்கான இ-காசே பதிவில் இருப்பவர்களுக்குச் சாரா தொகை கூடுதல் என்பதால், அதில் பெயர் இல்லாதவர்கள் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்துப் பதிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது கோலகங்சார்.

உதவித் தொகை தயாராக இருக்கிறது, இந்த இணைப்பை அழுத்துங்கள் என்று வாட்சப்பில் வருவதை யாரும் தொட வேண்டாம். எஸ்.டி.ஆர். விண்ணப்பத்திற்குக் கட்டணம் கிடையாது, வங்கிக் கடவுச்சொல்லை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். மண்டபத்திற்கு வருபவர்கள் மைகார்டு, இ.ஏ. பாரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கிப் புத்தகம் ஆகியவற்றோடு, இப்போது பயன்படுத்தும் கைப்பேசியையும் மின்னூட்டம் செய்து கையோடு கொண்டுவாருங்கள். இ.ஏ. பாரத்தைப் பிப்ரவரி முடிவதற்குள் முதலாளி கொடுத்தாக வேண்டும். இன்னும் கிடைக்காதவர்கள் இந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள்.