பெட்ரோலில் தண்ணீர், பில் யார் தலையில்?

என் ஸ்விஃப்ட்டுக்கு ஒர்க்‌ஷாப்பில் போட்ட பில் 38,400 ரூபாய். டேங்க்கை இறக்கிக் கழுவியது, புது ஃபியூல் பம்ப், இன்ஜெக்டர் சுத்தம் செய்தது, கூலி, டோ வண்டி வாடகை எல்லாம் சேர்த்து. இத்தனைக்கும் காரணம் பெட்ரோலில் தண்ணீர். தாம்பரம் பக்கம் விடாமல் பெய்த மழை ஓய்ந்த மறுநாள், வழக்கமாகப் போடும் பங்க்கில் 2,000 ரூபாய்க்குப் போட்டேன். முடிச்சூர் சாலைக்குத் திரும்புவதற்குள் வண்டி இழுத்து இழுத்துப் போய், செக் இன்ஜின் விளக்கு எரிந்து, நின்றேவிட்டது. எந்த பங்க் என்று இங்கே எழுதப் போவதில்லை. பணம் வந்துவிட்டது, கணக்கு தீர்ந்தது. எப்படி வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் கேட்ட எல்லோரும் முதலில் சொன்னது "பங்க்காரன்கிட்ட காசு வாங்கவே முடியாது" என்பதுதான்.

மெக்கானிக் அண்ணன் டேங்க்கிலிருந்து கொஞ்சம் பிடித்து ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மேஜை மேல் வைத்தார். மேலே லேசான ஆரஞ்சு நிறத்தில் பெட்ரோல். கீழே நான்கு விரல் உயரத்துக்கு, நிறமே இல்லாமல், கொஞ்சம் கலங்கலாக இன்னொன்று. நடுவில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு. குலுக்கினால் மோர் மாதிரி வெளுத்தது. கீழே வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு மறுபடி வந்துவிட்டது. குலுக்குவதையும் கோடு திரும்ப வருவதையும் வீடியோ எடுத்துக்கொண்டேன். பின்னால் பத்துப் பக்கம் எழுதியதை விட அந்த வீடியோதான் அதிகம் வேலை செய்தது.

கீழே இருந்தது வெறும் தண்ணீர் இல்லை. இப்போது நாம் போடுவது இ20, அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலை விடத் தண்ணீரோடுதான் உறவு அதிகம். கொஞ்சம் ஈரம் என்றால் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். வண்டியின் பம்ப் உறிஞ்சுவது டேங்க்கின் அடியிலிருந்துதான். அப்புறம் இன்ஜின் எங்கே ஓடும்?

பங்க் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். முதலில், "மழைத் தண்ணியில வண்டிய விட்டிருப்பீங்க மேடம், மூடி வழியா இறங்கியிருக்கும்." அப்புறம், "இ20ன்னாலே இப்படித்தான் மேடம், கவர்மென்ட்ட கேளுங்க." இரண்டாவது பதில் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பாதிதான் உண்மை. இ20 தானாகப் பிரியாது, எங்கிருந்தாவது தண்ணீர் வந்து சேர வேண்டும். அது என் டேங்க்கில் சேர்ந்ததா, அவர்களுடைய பூமிக்கடி டேங்க்கில் சேர்ந்ததா என்பதுதான் வழக்கே.

ஆழம் பார்க்கும் டிப் ராடில், தண்ணீர் பட்டால் நிறம் மாறும் பேஸ்ட்டைத் தடவி, அந்த பூமிக்கடி டேங்க்கில் விட்டு எடுத்துக் காட்டினார். நிறம் மாறவில்லை. "பாத்துக்கோங்க, தண்ணி இல்ல." எனக்கும் ஒரு நொடி கை நழுவின மாதிரி ஆகிவிட்டது. ஆனால் மெக்கானிக் அண்ணன் முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்: பழைய பேஸ்ட் தனித் தண்ணீரைக் காட்டும், எத்தனாலோடு கலந்த தண்ணீரைச் சரியாகக் காட்டாது, அதற்கென்று வேறு பேஸ்ட் உண்டு. அதை எடுங்கள் என்றேன். ஸ்டாக் இல்லை என்றார். சரி, அடர்த்திப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றேன். தினமும் காலையில் பெட்ரோலின் அடர்த்தியை அளந்து பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். லோடு வந்தபோது இருந்த அடர்த்தியிலிருந்து கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் மாறினால் சந்தேகம். பதிவேட்டில் முந்தின நாள் வரை நீல மையில் வரிசையாக இருந்தது. அன்றைய தேதிக்கு நேரே காலி. அதையும் போட்டோ எடுத்தேன். மேனேஜர் முகம் அப்போதுதான் மாறியது.

நான் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவள். கத்திப் பேச வராது, ஆனால் காலியான கட்டத்தைக் கண்டால் விட மாட்டேன்.

பங்க்கில் எழுதிப் போட்டிருந்த எண்ணெய் நிறுவன விற்பனை அதிகாரியின் எண்ணுக்கு அங்கே நின்றபடியே போன் செய்தேன். புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி எழுதி, அந்தப் பக்கத்தையும் படம் பிடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லி ஒரு புகார் எண் வாங்கினேன். அதிகாரி வந்து மாதிரி எடுத்தார், அந்த டேங்க்கிலிருந்து விற்பனையை நிறுத்தினார்கள். அதே நாளில் இது நடந்திருக்காவிட்டால் நான் தோற்றிருப்பேன். மறுநாள் புது லோடு இறங்கியிருந்தால் என் பாட்டில் வெறும் பாட்டில்தான்.

இன்சூரன்ஸில் இது விபத்துக் கணக்கில் வராது என்று கை விரித்துவிட்டார்கள். வீட்டிலோ, "விடு, முப்பத்தெட்டாயிரத்துக்குக் கோர்ட்டு கேஸா?" ஆனால் நுகர்வோர் ஆணையத்தின் கணக்கே வேறு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்க் கட்டணம் நாம் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்து. 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. நான் கொடுத்த விலையோ 2,000 ரூபாய்! எந்த ஆணையத்தில் புகார் போடுவது என்பதையும் இப்படிக் கொடுத்த விலையை வைத்துப் பிரிப்பது செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. பங்க் எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எனக்குச் செங்கல்பட்டு.

ஆனால் நேரே புகார் போடவில்லை. பங்க்கை நடத்தும் டீலருக்கும் எண்ணெய் நிறுவனத்துக்கும் சேர்த்து ஒரே நோட்டீஸ், பதிவுத் தபாலில். இருவரையும் சேர்ப்பது முக்கியம், இல்லையென்றால் ஒருவர் மற்றவரைக் கை காட்டிக்கொண்டே இருப்பார்கள். ஆணையத்துக்குத் தயார் செய்த புகாரின் நகலையும் இணைத்தேன். அடர்த்திப் பதிவேடு, மாதிரியின் பரிசோதனை முடிவு, லோடு வந்த சலான் ஆகியவற்றைக் கேட்டிருந்தேன். கழற்றிய பழைய பம்ப் என்னிடம் இருக்கிறது என்றும் எழுதினேன். (ஒர்க்‌ஷாப்பில் பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் காயலான் கடைக்குப் போய்விடும்.)

சலானும் வரவில்லை, பரிசோதனை முடிவும் வரவில்லை. டீலரே போன் செய்தார். பேரம் பில்லில் பாதியில் ஆரம்பித்தது. பம்ப் பழசுதானே, தேய்மானம் கழிக்க வேண்டாமா என்றார். அது நியாயமான கேள்வி. புது பம்ப்பில் ஒரு பங்கு என் கணக்கு என்று ஒத்துக்கொண்டேன். வண்டி இல்லாத நாட்களில் ஆபீஸுக்குப் போன கேப் செலவு மட்டும் தகராறாகவே இருந்தது. "ஆபீஸுக்கு பஸ்ஸே இருக்கே மேடம்" என்றார். கடைசியில் 35,000க்கு முடிந்தது. அவர் கொண்டுவந்த கடிதத்தில் "இனி எவரிடமும் எப்புகாரும் செய்யமாட்டேன்" என்று ஒரு வரி. அதை அடித்து, "இந்தப் பில் தொடர்பாக" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கூடவே, இன்னொருவருக்கும் பணம் தர வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன். அன்று பங்க் வாசலில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவன் நின்றிருந்தான். பில் வாங்கவில்லை, ஆனால் ஜிபேயில் 200 ரூபாய் அனுப்பியது தேதி நேரத்தோடு போனில் இருந்தது. அவனுக்கு டேங்க் கழுவிய கூலியும் அன்று போன சம்பாத்தியமுமாக 1,800 கிடைத்தது. "அக்கா, இதுக்கெல்லாம் தருவாங்களா?" என்றான். நான் இப்போது வேறு பங்க்கில் போடுகிறேன். அவன் அங்கேயேதான் போடுகிறான், ஆர்டர் விழும் ஹோட்டல்களுக்கு அதுதான் பக்கமாம்.