மேல்வீட்டுச் சத்தமும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தபோது என் பெண்ணுக்கு எட்டு மாதம். பழைய கட்டடம் ஒன்றில் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். தரையெல்லாம் மரம். மேலே யாராவது நாற்காலியை நகர்த்தினால் கீழே எங்களுக்குக் கேட்கும். அதை நான் குறையாக நினைத்ததில்லை. ஆனால் மேல்வீட்டுப் பையன்கள் வாரத்தில் மூன்று நான்கு நாள் இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை பாட்டு வைப்பார்கள். பாட்டு என்ன என்றே தெரியாது. பேஸ் அதிர்வு மட்டும் சுவர் வழியே இறங்கி வரும். குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுவாள். காலையில் நானும் அழுதிருக்கிறேன்.

ஜெர்மனியில் பொதுவாக இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம், ‘ரூஹெட்ஸைட்’. ஞாயிற்றுக்கிழமை சுவரில் டிரில் போடவே கூடாது. இப்படிப்பட்ட ஊரில் எங்களுக்கு மட்டும் தூக்கம் இல்லை.

முதலில் கணவர் மேலே போய்ப் பேசினார். மன்னிப்புக் கேட்டார்கள், இரண்டு நாள் அமைதி, அப்புறம் பழையபடி. இரண்டு வீட்டுக்கும் ஓனர் ஒருவரேதான். போன் செய்தால், “பழைய கட்டடம், சத்தம் இருக்கத்தான் செய்யும், நீங்களே பேசிக்கொள்ளுங்கள்” என்றார். அதற்குப் பிறகு போனே எடுக்கவில்லை. மெசேஜுக்கு நீலக்குறி மட்டும் விழும்.

அதற்கு மேல் கேட்கப் பயமாக இருந்தது. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா எனும் கடன் வரலாற்றுத் தாள், மூன்று மாத வாடகை அட்வான்ஸ் என்று எல்லாம் கொடுத்து, ஐந்து மாத அலைச்சலுக்குப் பின் கிடைத்த வீடு அது. கோபித்துக்கொண்டு காலி பண்ணச் சொல்லிவிட்டால் கைக்குழந்தையோடு எங்கே போவது?

வழி சொன்னது கீழ்வீட்டு அம்மா. இந்தப் பக்கத்தில் ‘கேர்வோஹே’ என்று ஒரு வழக்கம் உண்டு. வாரம் ஒரு வீட்டார் முறைவைத்துப் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும். எங்கள் முறை வந்த வாரம் நான் துடைத்துக்கொண்டிருந்தபோது என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். எழுபதைத் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எனக்கும் கேட்கிறது, சாட்சிக்கு எழுதித் தருகிறேன். நீங்கள் மீட்டர்ஃபெரைனில் சேருங்கள்” என்றார்.

மீட்டர்ஃபெரைன் என்றால் வாடகைதாரர் சங்கம். வருடச் சந்தா கட்டினால் வக்கீல் ஆலோசனை கிடைக்கும். வழக்குச் செலவுக்கான காப்பீடு பெரும்பாலும் சேர்ந்த மூன்று மாதம் கழித்துத்தான் செல்லும். அதனால் பிரச்சினை வரும்வரை காத்திருக்காமல், வீடு கிடைத்ததுமே சேர்ந்துவிடுங்கள் என்று புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அங்கே வக்கீல் அம்மா முதலில் என் பயத்தைத் தீர்த்தார். காலவரையற்ற ஒப்பந்தத்தில் இருப்பவரைச் சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் ஓனர் வெளியேற்ற முடியாது. குறையைச் சொன்னது காரணமே ஆகாது. பிறகு, இனிமேல் எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றார். போனில் ரெக்கார்டு பண்ணட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பிறர் தமக்குள் பேசுவதை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்வது இங்கே குற்றம் என்று தடுத்தார்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், என்ன சத்தம். “இரவு 11.40 முதல் 1.50 வரை, பேஸ் இசை, குழந்தை இரண்டு முறை விழித்தாள்.” ஒருநாள் தாங்க முடியாமல் 110க்குப் போன் செய்து போலீஸ் வந்ததையும் அதிலேயே எழுதினேன். மூன்று வாரக் குறிப்போடும் கீழ்வீட்டு அம்மாவின் கடிதத்தோடும், பதினான்கு நாள் கெடு வைத்து ஓனருக்குப் பதிவுத் தபால் அனுப்பினோம்.

வாடகையைக் குறைக்கும் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். வீட்டைச் சரியாகப் பயன்படுத்த முடியாவிட்டால் வாடகை குறையும் என்று ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 536ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நாமாகக் கணக்குப் போட்டு அதிகமாகப் பிடித்துக்கொண்டால் அது பாக்கியாகும்; பாக்கி சேர்ந்தால் ஓனர் உடனடியாகவே வெளியேற்றக் கேட்கலாம். அதனால் வாடகையை முழுதாகக் கட்டி, திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஓனரே போன் செய்தார். மேல்வீட்டுக்கு எழுத்தில் எச்சரிக்கை போயிற்று. வெள்ளிக்கிழமை எப்போதாவது பதினொரு மணி வரை கேட்கும், அவ்வளவுதான். இரண்டு மாத வாடகையில் பத்து சதவீதமும் திரும்ப வந்தது.

இப்போது என் பெண் வீடெல்லாம் ஓடுகிறாள். குழந்தைகள் விளையாடும் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று இங்குள்ள நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இருந்தாலும் கூடத்தில் கனமான கம்பளம் ஒன்றை வாங்கி விரித்தோம். விரித்த அன்றே கீழே போய், இப்போது பரவாயில்லையா என்று அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தேன்.